தாத்தா மேஜரா, சுபேதார் மேஜரா? போட்டோவில் இருக்குது பதில்!

தாம்பரம், ஜூன்: "எங்க தாத்தா மிலிட்டரியில மேஜரு!" காட்டாங்குளத்தூர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி பக்கம் பல வீட்டில் இந்தப் பேச்சு உண்டு. கூடத்துச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். காக்கி உடுப்பு, முறுக்கு மீசை. அவர் எந்தப் பட்டாளம் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கு ஒரு பதில்!

பெருமைக்கு எதுவும் சொல்லிக் கொள்ளலாம். ஆனால் பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப்போர் வீரர்களின் விதவைகளுக்குத் தமிழக அரசு மாத உதவி தருகிறது. அதைக் கேட்கப் போனால் வீரரின் நம்பர், ரேங்க், பட்டாளம் மூன்றும் வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கரையான் தின்று விட்டால் மிச்சம் அந்தப் படம்தான். இன்று உயிரோடு இருக்கும் அந்தப் பாட்டிகளுக்குத் தொண்ணூறு வயதுக்கு மேலே. காலம் கடத்த நேரமில்லை.

கிரீடம் செய்த குழப்பம்!

முதலில் சட்டைக் கையைப் பார்க்க வேண்டும். 'வி' போன்ற பட்டை ஒன்று என்றால் லான்ஸ் நாயக், இரண்டு என்றால் நாயக், மூன்று என்றால் அவில்தார். மணிக்கட்டுப் பக்கம் தலைகீழாக உள்ள சின்னப் பட்டை ரேங்க் அல்ல, நன்னடத்தைக்குக் கொடுத்தது.

தோளில் நட்சத்திரம் இருந்தால்தான் வம்பு. ஒற்றை நட்சத்திரம் செகண்ட் லெப்டினென்டும் குத்துவார், ஜமேதாரும் குத்துவார். (ஜமேதார் என்ற பேர் 1965-ல் நாயப் சுபேதார் ஆனது.) இரட்டை நட்சத்திரம் லெப்டினென்டுக்கும் உண்டு, சுபேதாருக்கும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் கிரீடம் மேஜருக்கும் சுபேதார் மேஜருக்கும் பொது! நட்சத்திரத்துக்கோ கிரீடத்துக்கோ அடியில் சிவப்பு-மஞ்சள்-சிவப்பு ரிப்பன் தெரிந்தால் அவர் சுபேதார் வரிசை. மேஜர் இல்லையே என்று முகம் சுளிக்க வேண்டாம். சிப்பாயாகச் சேர்ந்து அந்தக் கிரீடத்தைத் தொட்டவர் ஒரு பட்டாளத்துக்கு ஒருவர்தான்.

பித்தளை எழுத்து

பட்டாளத்தைச் சொல்வது தோள் நுனியில் உள்ள பித்தளை எழுத்து. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்றால் சப்ளை, லாரி ஓட்டம் பார்த்த சர்வீஸ் கோர். அதில் 'ராயல்' சேர்ந்தது 1935-ல். எனவே படம் அதற்குப் பிந்தியது. விளிம்பே இல்லாத உருளைத் தொப்பி வைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம், மெட்ராஸ் சாப்பர்ஸ்.  ஆட்களுக்குப் பட்டாளத்தில் 'தம்பி' என்று பேர். யானைச் சின்னம் மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு. 1803 அசாயே சண்டையில் கிடைத்த யானை அது.

கை மேல் தைத்த துணிச் சின்னம் எந்த டிவிஷன் என்று சொல்லும். கத்தி 19, கறுப்புப் பூனை 17, செங்கழுகு 4. ஆனால் நிறத்தை நம்பக் கூடாது. பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும்.

பதக்கம் இடது மார்பில் இருக்க வேண்டும். வலது பக்கம் இருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கலாம். வீட்டில் முதல் உலகப்போர் வெள்ளிப் பதக்கம் கிடந்தால் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். நம்பர், ரேங்க், பேர், பட்டாளம் எல்லாம் அதிலேயே வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டவர்கள் பாவம்!

படத்தின் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஸ்டூடியோ முத்திரையில் ஊர் இருக்கும். கண்ணாடியில் ஒட்டிக் கொண்ட படத்தைப் பிய்த்தால் முகமே போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே போட்டோ எடுப்பது நல்லது.

எங்கே எழுதுவது?

பட்டாளம் தெரிந்தால் தபால் சேருமிடம் தெரியும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன் ஆவண அலுவலகம். சாப்பர்ஸும் சர்வீஸ் கோரும் பெங்களூர். பீரங்கிப் படை நாசிக். மருத்துவப் படை லக்னோ. சாப்பர் ஒருவரின் விவரத்தை வெலிங்டனில் கேட்டால் கிடைக்காது.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனுவோடு படத்தின் நகலையும் வைத்துக் கொடுக்கலாம். அசல் படம் வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும்.