மணல் உக்குமா?



சில மாதங்களுக்கு முன் எமது பாடசாலை வளவில் மாணவர்கள் சிரமதானம் செய்தனர். அப்பொழுது, முன்னொரு காலத்தில் மூடப்பட்ட பழைய குப்பைக் குழியொன்று வெட்டுப்பட்டது. அதிலிட்ட இலைகுழைகளும் கடதாசிகளும் இருந்த இடந் தெரியாமற் கரிய மண்ணாகிவிட்டிருந்தன. மருந்துப் போத்தலொன்று மட்டும், கழுவி எடுத்ததும், புதியதுபோலப் பளபளத்தது. மாணவன் ஒருவன் அதனைக் கையிலேந்தி, "ஐயா, மற்றவையெல்லாம் உக்கிவிட்டன, இது எப்போது உக்கும்?" என்று வினவினான். நானோ கலைப் பட்டதாரி. உடனே விடை கூற இயலவில்லை. விஞ்ஞான ஆசிரியரை உசாவியும் நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

கண்ணாடியின் தாய்ப் பொருள் மணல். மணலின் சாரம் சிலிக்கா. சிலிக்கன் என்னும் மூலகமும் ஒட்சிசனும் இணைந்து பிறந்த பொருள் அது. பூமியின் மேலோட்டில் மிகுதியாயுள்ள மூலகங்கள் இவ்விரண்டுமே. கைத்தொழிலிலும் சிலிக்காவுக்கு ஓய்வில்லை. பற்பசையில் அழுக்கைத் தேய்க்கும் நுண்பொடியாகவும், மருந்துக் குப்பிகளில் ஈரத்தை உறிஞ்சும் மணியாகவும், மோட்டார் வண்டி ரயரில் றப்பருக்கு உரமூட்டும் தூளாகவும் அது பயன்படுகின்றது.

இனி, உக்குதல் என்பது யாது? இறந்த இலையை நுண்ணுயிர்கள் உண்கின்றன. இலையிலுள்ள காபன் சேர்வைகளை ஒட்சிசனுடன் சேர்த்து, அதனால் எழும் சத்தியைக் கொண்டு அவை வாழ்கின்றன. அடுப்பில் விறகு எரிவதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு சிறிதே. ஒன்று விரைந்து நிகழ்வது. மற்றது மெல்ல நிகழ்வது. சிலிக்காவிலோ காபன் இல்லை. அதிலுள்ள சிலிக்கன் ஏலவே ஒட்சிசனை முற்றாகப் பெற்றுவிட்டது. எரிந்து முடிந்த சாம்பலை மீண்டும் எரிக்க முடியுமா? அவ்வாறே சிலிக்காவிலும் நுண்ணுயிர்க்கு உணவாகத் தக்கது எதுவுமில்லை. ஆகவே அம்மாணவனின் வினாவுக்கு நேரான விடை, "என்றும் உக்காது" என்பதே.

ஆயினும் இவ்விடையோடு நின்றுவிட்டால் நாம் ஏமாந்தவர்களாவோம். உக்காத சிலிக்கா, கரையும். எவ்வளவு கரையும் என்பது அதன் அமைப்பைப் பொறுத்தது. அணுக்கள் ஒழுங்காக அணிவகுத்து நிற்பது பளிங்குருவான சிலிக்கா. குவாட்சு என்னும் படிகக்கல்லும் கடற்கரை மணலிற் பெரும்பகுதியும் இவ்வினம். ஒழுங்கின்றி நிற்பது பளிங்குருவற்ற சிலிக்கா. பற்பசையிற் சேர்வது இவ்வினம். சாதாரண வெப்பநிலையில், ஒரு லீற்றர் நீர் பளிங்குருவற்ற சிலிக்காவில் 100 மில்லிகிராமுக்குச் சற்று மேலாகக் கரைக்க வல்லது. குவாட்சிலோ ஏறத்தாழ 10 மில்லிகிராமே கரையும். அதுவும் மிக மிக மெதுவாக.

இக்கரைசலை நம்பி வாழும் உயிர்களும் உள. கடலிலும் குளத்திலும் மிதக்கும் தயற்றம் என்னும் ஒருகல உயிர், நீரிற் கரைந்த சிலிக்காவை எடுத்துத் தனக்குக் கண்ணாடிக் கூடு கட்டிக்கொள்கிறது. அது இறந்தபின் அக்கூடுகளிற் பெரும்பாலானவை மீண்டும் நீரிற் கரைகின்றன; எஞ்சியவை அடியிற் படிகின்றன. 1867ஆம் ஆண்டில் அல்பிரட் நோபெல் தமது டைனமைற்றுக்கு நைத்திரோகிளிசரினை ஊறவைத்தது இத்தகைய படிவுமண்ணிலேயாகும். நெற்பயிரும் நிலத்து நீரிலிருந்து சிலிக்காவை ஈர்த்துத் தன் தாளுக்கும் உமிக்கும் உறுதி தேடிக்கொள்கிறது. உமிச் சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்காவே. எம் முன்னோர் உமிக்கரியாற் பல் துலக்கினர்; இன்று நாம் பற்பசையால் துலக்குகின்றோம். தேய்க்கும் பொருள் இரண்டிலும் ஒன்றே என்பது வியப்பன்றோ!

சிலிக்காவின் செயற்கை உறவினராகிய சிலிக்கோன்களை இதனோடு மயங்கலாகாது. சிலிக்கன், ஒட்சிசன் சங்கிலியில் காபன் கூட்டங்களை மனிதன் கோத்துச் செய்தவை இவை. மண்ணில் விழுந்த சிலிக்கோன் நெய்யின் நீண்ட சங்கிலிகளை உலர்ந்த களிமண் துண்டு துண்டாக்கும். அத்துண்டுகளை நுண்ணுயிர்களும் காற்றுமண்டலமும் மேலும் சிதைக்கும். எனினும் சில வளையச் சிலிக்கோன்கள் நீர்நிலைகளில் நெடுங்காலம் அழியாது நிற்பதால், டி4, டி5 எனப்படும் இரண்டினை, கழுவிவிடும் ஒப்பனைப் பொருள்களில் நூற்றுக்கு 0.1 வீதமோ அதற்கு மேலோ சேர்ப்பதை 2020 சனவரி 31 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது.

நேயர்களே, இதுவரை மண்ணையும் நீரையும் பற்றிப் பேசினோம். உக்காமையும் கரையாமையும் மனிதனுக்கு உயிர்ப்பகையாகும் இடம் வேறொன்றுண்டு. அது அவனது சுவாசப்பை.

கருங்கல்லையோ மணற்கல்லையோ உடைக்கும்போதும் அறுக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத குவாட்சுத் தூசி எழுகிறது. அது சுவாசப்பையின் அடிவரை சென்று தங்கும். அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் காவற் கலங்கள் அதனையும் விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடியாமல் தாமே மடிகின்றன. தூசி வெளிப்பட, வேறு கலங்கள் அதனை விழுங்கி அவ்வாறே மடிகின்றன. ஈற்றிற் சுவாசப்பை தழும்பேறி இறுகிவிடுகிறது. இதுவே சிலிக்கோசிசு, இதனைக் குணமாக்கும் மருந்து இல்லை. பளிங்குருவற்ற சிலிக்காவோ உடலின் நீர்மங்களில் மெல்லக் கரைந்து பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது. பொருள் ஒன்றே, அமைப்பு வேறு, விளைவும் வேறு.

கல்வெட்டுவோரின் இந்நோயை இத்தாலிய வைத்தியர் இராமசீனி 1700ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். அறிந்தும் உலகம் திருந்தவில்லை. 1930, 1931ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்சீனியாவில், ஹோக்ஸ் நெஸ்ற் என்னுமிடத்தில் மலையைக் குடைந்து சுரங்கவழி அமைத்த தொழிலாளர் நூற்றுக்கணக்கில் இந்நோயால் மாண்டனர். நீர் தெளியாது பாறையைத் துளைத்தமையும் காற்றோட்டம் இன்மையும் அக்கேட்டுக்குக் காரணங்கள். பளிங்குருவான சிலிக்காத் தூசியைப் புற்றுநோய் விளைப்பதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் வகுத்தது. குவாட்சுத் தூளைப் பிசினுடன் இறுக்கிச் சமையலறை மேடைகளுக்காகச் செய்யப்பட்ட செயற்கைக் கல்லை அறுத்த இளைஞர்கள் பலர் நோயுற்றமையால், அவுஸ்திரேலியா 2024 யூலை 1 முதல் அக்கல்லையே தடைசெய்தது.

ஆதலின் "உக்குமா, உக்காதா?" என்னும் ஒரு வினாவால் மட்டும் எப்பொருளையும் எடைபோட்டுவிடல் கூடாது. உக்காத மணல் நிலத்திற் கிடந்தால் எவருக்கும் தீங்கில்லை. ரயரிலுள்ள சிலிக்காவால் வரும் கேட்டினும், அதனைச் சூழ்ந்த றப்பரும் இரசாயனங்களும் தேய்ந்து உதிர்வதால் வரும் கேடே பெரிது. எந்தப் பொருள், எந்த வடிவில், எதனோடு கூடி, எங்கே சென்று தங்குகிறது என்பனவே நாம் கேட்க வேண்டிய வினாக்கள். எமது நாட்டிலும் கல்லுடைத்து வாழ்வோர் பலர். கல்லை நனைத்து அறுப்பதும், தூசியை எழுமிடத்திலேயே உறிஞ்சி அகற்றுவதும், நுண்டூசியைத் தடுக்கவல்ல முகக்கவசம் அணிவதும் அவர்களின் உயிர்காக்கும் வழிகள். மூக்கிற் கட்டிய கைக்குட்டை அத்தூசியைத் தடுக்காது. வேலை கொடுப்போர் இதனை உணர்தல் கடன்.

அந்த மருந்துப் போத்தலை நாம் மீண்டும் புதைக்கவில்லை. உருக்கினால் அது மறுபடியும் போத்தலாகும். எத்தனை முறை உருக்கினும் ஆகும். "உக்காததை மண்ணிடம் கொடாதே, உலையிடம் கொடு" என்றே அம்மாணவனுக்குக் கூறினேன்.