எண்ணூர் மூங்கிலுக்கு எது குளிர்காலம்?

பனி பெய்யும் நாடுகளில் மூங்கில் வளர்ப்பவர்களுக்கு இலையுதிர் காலம் வந்தாலே கவலை பிடித்துக்கொள்ளும். சீனத்து மலைகளில் பாண்டா தின்னும் ஃபார்கேசியா வகைகளில் சில, மைனஸ் 25 டிகிரியைக்கூடத் தாங்கிவிடும். ஆனாலும் குளிர்காலத்தில் மூங்கிலைப் பல நேரம் கொல்வது குளிரைவிடத் தாகம்தான். மண் உறைந்து கிடப்பதால் வேருக்குத் தண்ணீர் கிடைக்காது. வாடைக்காற்றோ பச்சை இலையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் நிலம் உறையுமுன் வேர் நனையத் தண்ணீர் விட்டு, அடியில் சருகால் மூடாக்குப் போட்டு, காற்று வரும் பக்கம் தடுப்பும் கட்டிவிடுகிறார்கள். பனியே காணாத திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இந்த மூன்றும் அப்படியே பொருந்தும் என்கிறேன். மாதங்களை மட்டும் மாற்றிப் படிக்க வேண்டும்.

சென்னை நகரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் நூறாண்டுக்கு முந்தைய கதை. காதில் மஃப்ளர் சுற்றுவது நாம்தான், மூங்கிலுக்கு மார்கழி சுகமான மாதம். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு மே வரை வானம் கைவிரித்துவிடும். ஆக, இங்கே மூங்கிலின் குளிர்காலம் மாசியில் தொடங்கி அக்கினி நட்சத்திரத்தில் முற்றுகிறது. கல்மூங்கில் அப்போது இலையுதிர்த்து நிற்பதைப் பார்த்தால் ஐரோப்பிய ஜனவரி மரம்போலவே இருக்கும். மூங்கில் வளரும் விதத்தைப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்பது புரியும். மண்ணைவிட்டு எழும் முளை தனக்கான உணவைத் தானே சமைத்துக்கொள்வதில்லை. கிழங்கில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைத் தின்றுதான் இரண்டு மூன்று மாதங்களில் முழு உயரத்தைத் தொடுகிறது. வெளியே வரும்போது இருக்கும் பருமன்தான் கடைசிவரை. மரம்போல ஆண்டுக்காண்டு பருக்காது. இந்த மழையில் இலைகள் சம்பாதிப்பதை வைத்துத்தான் அடுத்த மழைக்கு முளை வரும். ஐப்பசியில் நட்டுவிட்டுப் பங்குனியில் கவனிக்காமல் விட்டால், அடுத்த ஆண்டு விரல் தடிமனில்தான் கழி கிடைக்கும்.

இது மூங்கில் மண்ணே இல்லை என்பார்கள். ஆனால் திருவள்ளூரை அடுத்த திருப்பாசூர்க் கோயிலின் தலமரமே மூங்கில்தான். ஊர்ப்பெயரில் உள்ள ‘பாசு’ மூங்கிலைக் குறிக்கும் என்பது தலபுராணம். வேர் ஓடிச் சுவரைப் பெயர்க்கும் என்ற பயம், குளிர்நாட்டு ஓடுமூங்கிலைப் பற்றிய செய்திகளிலிருந்து வந்தது. கல்மூங்கிலும் முள்மூங்கிலும் ஓடுவதில்லை, ஒரே இடத்தில் குத்தாகப் பெருகுகின்றன. சுவரை ஒட்டி நடாமல் இருந்தால் போதும். பலமான மறுப்பு உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது ஊரறிந்த சேதி. மூங்கில் பொதுவாக உப்பைத் தாங்காது. இதை மறுக்க என்னிடம் பதில் இல்லை. அலை ஏறி இறங்கும் கொசஸ்தலையாற்றுக் கழிமுகச் சேற்றில் மூங்கிலுக்கு வேலையும் இல்லை. அங்கே உரிமை அலையாத்திக்குத்தான். நான் சொல்வது மேட்டு மணல், பள்ளி வளாகம், தொழிற்சாலை மதிலோரம் போன்ற இடங்களை. அங்கேயும் மழைநீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்பதால், மண்ணை முழங்கால் உயரம் கூட்டி நட வேண்டும். கோடையில் கிணற்றுநீர் கரிக்குமானால் அதை ஊற்றாமல், மழைக்காலத்தில் சேர்த்த நீரை வைத்துக்கொள்வதே உத்தமம். நட்ட கையோடு புயல் காலமும் வந்துவிடுகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த ஊர் இது. நன்றாகக் குத்துக் கட்டிய மூங்கில் வளைந்து கொடுக்கும், இளங்கன்று கொடுக்காது. அதற்கு முதல் ஆண்டில் கடல்பக்கம் ஒரு தட்டி மறைப்பு வேண்டும்.

சாம்பலும் புகையும் படியும் வட்டாரம் என்பதால், மூங்கில் மற்ற மரங்களைவிட 35 சதவீதம் கூடுதலாக ஆக்சிஜன் தரும் என்று சொல்லிக் கன்று விற்பவர்கள் உண்டு. அந்தக் கணக்குக்கு ஆதாரம் கிடையாது. இலை அடர்த்தி கொஞ்சம் தூசியைப் பிடிக்கும், அவ்வளவே. அனல்மின் நிலையப் புகைபோக்கியில் செய்ய வேண்டிய வேலையை மதிலோர மூங்கில் செய்யாது. ஏணிக்கும் பந்தலுக்கும் கூடைக்கும் கழி, நிழல், மண் பிடிப்பு ஆகியவற்றுக்காக நட்டால் ஏமாற்றம் இருக்காது. தேசிய அளவில் சட்டமும் தளர்ந்திருக்கிறது. 2017இல் இந்திய வனச் சட்டத்தில் செய்த திருத்தம் மூங்கிலை ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து நீக்கியதால், காட்டுக்கு வெளியே வளர்த்ததை வெட்டி எடுத்துச் செல்ல அந்தச் சட்டத்தின்படி அனுமதி தேவையில்லை. மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று பாக்கி: போகிக்காகக் கூட்டிக் குவித்த சருகில் பாதியையாவது கொளுத்தாமல் குத்தின் அடியில் ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, அது பறக்காதபடி மேலே இரண்டு தென்னை மட்டையை வைப்பது.