அமைச்சர் பதவி போனது... 'டீச்சர்' பட்டம் போகவில்லை!

கடத்தூர் கடைவீதியில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கலாம். பணி ஓய்வு பெற்று எத்தனையோ வருடங்கள் ஆன ஒரு டீச்சரம்மா காய்கறி வாங்க வருவார். தக்காளியை எடை போட்டுக்கொண்டிருக்கும் ஐம்பது வயதுக்காரர், கையிலிருக்கும் பீடியைச் சட்டென்று கீழே போட்டு, செருப்பால் மறைத்துக்கொண்டு, "வாங்க டீச்சர்" என்பார். பேரன் எடுத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. பயம் மட்டும்தானா? மகளை எந்த காலேஜில் சேர்ப்பது, பேங்கிலிருந்து வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் அந்தத் திண்ணைக்குத்தான் போகிறார்கள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

இந்த நம்பிக்கையோடு ஒரு டீச்சர் அரசியலுக்குப் போனால் என்ன ஆகும்? நம் பக்கத்து மாநிலத்தில் ஒருவர் போனார். கே.கே.ஷைலஜா. கேரளத்தில் அவரை யாரும் வெறுமனே ஷைலஜா என்று சொல்வதில்லை; 'ஷைலஜா டீச்சர்'தான்.

இப்படிப் பட்டம் ஒட்டிக்கொள்வது நமக்குப் புதிதில்லை. பச்சையப்பன் கல்லூரியில் பாடம் நடத்திய க.அன்பழகன், அமைச்சராக இருந்தபோதும் கடைசிவரை 'பேராசிரியர்'தான். தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரேவை அந்நாட்டு மக்கள் இன்றும் 'முவாலிமு' என்கிறார்கள். சுவாஹிலி மொழியில் அதற்கு வாத்தியார் என்று பொருள். அவரும் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர்.

ஷைலஜா பிறந்தது 1956-ல், கண்ணூர் மாவட்டத்தில். கம்யூனிஸ்ட் குடும்பம். பெரியம்மை வந்தவர்களின் வீட்டுப் பக்கம் போகவே ஊர் பயந்த காலத்தில், அவர்களுக்கு உதவப் போனவர் அவருடைய பாட்டி கல்யாணி. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பேத்தி பி.எஸ்சி., பி.எட். முடித்து, சிவபுரம் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர் ஆனார். கணவர் பாஸ்கரனும் ஆசிரியர்.

1996-ல் கூத்துபரம்பா தொகுதியில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். ஆனால், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முழுநேர அரசியலுக்கு வந்தது 2004-ல்தான். 'அதெப்படி?' என்று நம்மூர் ஆசிரியர்கள் கேட்கலாம். இங்கே அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்தலில் நிற்க வேண்டுமென்றால் வேலையை ராஜினாமா செய்ய வேண்டும். கேரளத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு அன்றைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2006-ல் பேராவூரில் வெற்றி, 2011-ல் அதே பேராவூரில் தோல்வி, 2016-ல் மறுபடியும் கூத்துபரம்பாவில் வெற்றி. இந்த முறை சுகாதாரத்துறை அமைச்சர்.

அப்போதும் அவர் கேரளத்துக்கு வெளியே பெரிதாக அறியப்படவில்லை. 2018 மே மாதம் நிபா வந்தது.

கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கம் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மரணங்கள். வைரஸ் புதிது. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. நோயாளிகளைக் கவனித்துக்கொண்ட பேராம்பிரா தாலுகா மருத்துவமனை நர்ஸ் லினி மே 21-ம் தேதி இறந்துபோனார். இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். தனி வார்டில் இருந்தபடி கணவருக்கு அவர் எழுதிய சின்னக் கடிதத்தைப் படித்து அழாத மலையாளி இல்லை.

ஊரே காலிசெய்துகொண்டு கிளம்பியது. அமைச்சர் என்ன செய்திருக்கலாம்? திருவனந்தபுரத்திலிருந்து ஓர் அறிக்கை விட்டிருக்கலாம். போலீஸைப் போட்டு ஊரை அடைத்திருக்கலாம். ஷைலஜா டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு நேரே அந்த ஊருக்குப் போனார். பஞ்சாயத்து அலுவலகத்தில் மக்களை உட்காரவைத்துப் பேசினார். இது நெருங்கிப் பழகினால்தான் தொற்றும். இருமுகிறவரிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் போதும். அதனால், ஊரைவிட்டு ஓட வேண்டியதில்லை. புரிந்ததும் மக்கள் அடங்கினார்கள். ஊரிலேயே இருந்தார்கள் என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடம் மாதிரி இருக்கிறதா? அதேதான். பயந்துபோன பிள்ளைகளிடம் கத்தாமல், ஏன் எதற்கு என்று விளக்கிச் சொல்வது வகுப்பறையில் வருகிற பழக்கம். கூடவே ஒவ்வொரு நோயாளியும் யார் யாரைச் சந்தித்தார் என்று பட்டியல் எடுத்து, வருகைப் பதிவேடு மாதிரி தினமும் சரிபார்த்தார்கள். 17 உயிர்கள் போயின. ஆனால், நோய் அதற்கு மேல் பரவவில்லை. அடுத்த வருடமே 'வைரஸ்' என்ற மலையாளப் படம் வந்தது. அதில் சுகாதாரத்துறை அமைச்சராக நடித்தது நம்ம ரேவதி.

நிபாவில் கற்ற பாடம் கொரோனாவில் கைகொடுத்தது. இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30-ம் தேதி கேரளத்தில்தான் உறுதிசெய்யப்பட்டார். அதற்குச் சில நாள்கள் முன்பே அங்கே கட்டுப்பாட்டு அறை தயார். சீனாவில் ஏதோ புது வைரஸாம் என்று செய்தியில் படித்தவுடன், தன் துறை மருத்துவ அதிகாரிக்கு போன் போட்டு, இது நமக்கும் வருமா என்று கேட்டவர் அவர். உலகப் பத்திரிகைகள் பேட்டி கேட்டு வந்தன. ஜூன் மாதம் ஐ.நா. நிகழ்ச்சியில் பேச அழைப்பு வந்தது.

எல்லாமே பாராட்டு இல்லை. அந்த நெருக்கடியில் பாதுகாப்புக் கவச உடைகளை அதிக விலை கொடுத்து வாங்கியதாகப் புகார் எழுந்தது. தணிக்கைத் துறை அறிக்கையும் 2025-ல் அதைச் சுட்டிக்காட்டியது. சந்தையிலேயே சரக்கு இல்லாத நேரம், உயிரைக் காப்பதுதான் முக்கியமாக இருந்தது என்பது அவர் தரப்பு பதில். கணக்கு கேட்பதில் தவறில்லை. டீச்சர்களே கேட்கச் சொல்லிக் கொடுப்பதுதானே அது!

2021 தேர்தலில் மட்டன்னூரில் 60,963 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதுவரையிலான கேரள சட்டமன்றத் தேர்தல் வரலாற்றில் அது சாதனை. மறுபடியும் அவர்தான் சுகாதாரத்துறை என்று எல்லோரும் நினைத்திருக்க, அமைச்சர் பட்டியலில் அவர் பெயரே இல்லை. முதல்வர் பினராயி விஜயனைத் தவிர மற்ற எல்லோரும் புதுமுகங்கள் என்றது கட்சி. பொறுப்பு, பத்திரிகையாளராக இருந்த வீணா ஜார்ஜிடம் போனது. சினிமாக்காரர்கள் உட்பட பலர், டீச்சரைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று இணையத்தில் குரல் கொடுத்தார்கள். ஒரு தனிமனிதரால் மட்டும் எதுவும் நடக்கவில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார் ஷைலஜா. கட்சிக் கொள்கை என்னவாக இருந்தாலும், நல்ல டீச்சரை வருட நடுவில் மாற்றினால் பெற்றோருக்கு வருகிற கோபம் எனக்கும் வந்தது.

2022-ல் மகசேசே விருது தேடி வந்தபோதும் கட்சியிடம் கேட்டு, வேண்டாம் என்று மறுத்தார். பிலிப்பைன்ஸ் அதிபராக இருந்த மகசேசே அங்கே கம்யூனிஸ்ட்களை ஒடுக்கியவர். தவிர, அந்த வேலை பலர் சேர்ந்து செய்தது என்பது காரணம்.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் வடகரையில் நின்றார். பேராம்பிராவும் அந்தத் தொகுதிக்குள்தான் வருகிறது. காங்கிரஸின் ஷாஃபி பரம்பிலிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். தேர்தல் முடிந்தும் சுவர்களில் எழுத்து அழியாமல் இருந்தது: 'ஷைலஜா டீச்சர்'.