51 புள்ளிகளும் மூன்று தீர்ப்புகளும்

விளையாட்டு ரசிகர்கள் கூடுமிடமெங்கும் ஓயாது நடைபெறும் வழக்கொன்று உண்டு. பெருந்திறமையோடு தோன்றிய ஆட்டக்காரர் ஒருவர் எதிர்பார்த்த உயரத்தை எட்டாது போனால், குறை அவருடைய ஆற்றலிலா, மனப்போக்கிலா என்பதே அவ்வழக்கு. "திறமை உண்டு, அக்கறை இல்லை" என்று தீர்ப்புக் கூறுதல் எளிது. அத்தீர்ப்பு எத்துணை நம்பத்தக்கது? பனித்தளத்தில் ஆடப்படும் ஹொக்கி விளையாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்வோம்.

வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கிலே, கழகங்கள் ஆண்டுதோறும் முறைவைத்து இளம் ஆட்டக்காரரைத் தெரிவு செய்கின்றன. 1993ஆம் ஆண்டில் முதல் முறை கனடாவின் ஒட்டாவா செனட்டர்ஸ் கழகத்துக்குக் கிடைத்தது. அக்கழகம் தனது முதற் பருவத்தின் 84 ஆட்டங்களில் பத்தில் மட்டுமே வென்றிருந்தது. அது தெரிவு செய்தவர் பதினெட்டு வயதுடைய அலெக்சாந்தர் டேகிள். லீக்கில் ஓர் ஆட்டமேனும் ஆடுமுன்னரே, ஐந்தாண்டுகளுக்கு 1 கோடியே 22½ இலட்சம் டொலர் அவருக்கு ஒப்பந்தமாயிற்று. இரண்டாவதாகத் தெரிவானவரை எவரும் நினைவிற் கொள்வதில்லை என்று அவர் கூறியதும் ஊரெங்கும் பரவியது.

ஹொக்கியில் கோல் அடிப்பவருக்கும், அடிக்க உதவுபவருக்கும் புள்ளி உண்டு. 1993-94 பருவத்தில் டேகிள் பெற்றவை 51 புள்ளிகள். தோற்கும் அணியிலே ஆடிய இளைஞருக்கு அது நல்ல தொடக்கமே. 1996-97இலும் அவர் பெற்றவை அதே 51. அப்பொழுதோ, "வளர்ச்சி நின்றுவிட்டது, உழைப்பு இல்லை" என்ற குறை எழுந்தது. 1998 ஜனவரியில் பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டார். பின்னரும் கழகம் விட்டுக் கழகம் மாறி, 2000இல், இருபத்தைந்தே வயதில், ஆட்டத்தை விட்டு விலகினார். ஈராண்டுகளின் பின் திரும்பி வந்தார். 2003-04இல் மினசோட்டா கழகத்தில் மூன்றாவது முறையாக 51 புள்ளிகள் பெற்று, அவ்வணியில் அதிக புள்ளி பெற்றவரானார். இப்பொழுது அவர் மீண்டெழுந்த வீரர்! எண் ஒன்றே, தீர்ப்புகள் மூன்று. மாறியது பெரும்பாலும் பார்ப்பவர்களின் எதிர்பார்ப்பே.

இரண்டாவதாகத் தெரிவானவரின் கதை இதனை மேலும் விளக்கும். அவர் கிறிஸ் புரொங்கர். முதிர்ச்சி போதாது என்ற குறை அவர்மீதும் சுமத்தப்பட்டது. ஹார்ட்ஃபர்ட் கழகம் இரண்டே பருவங்களில் அவரைக் கைமாற்றிவிட்டது. அவரோ செயின்ட் லூயிஸ் கழகத்தில் நிலைத்து ஆடி, 2000ஆம் ஆண்டில் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதைப் பெற்றார். 2015இல் ஹொக்கிப் புகழ் மண்டபத்திலும் இடம்பெற்றார். "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது பழமொழி. ஆயினும் முளையைப் பார்த்தவர்கள் இருவரிடத்தும் பிழையாகவே கணித்தார்கள்.

டேகிளிடம் குறையே இல்லை என்பதன்று நமது வாதம். ஒரே கழகத்தில் நிலைபெற அவரால் இயலவில்லை. புரொங்கர் போல் ஆண்டுக்காண்டு வளரவுமில்லை. எனினும், நலிந்த கழகமொன்றைத் தூக்கி நிறுத்தும் பாரத்தைப் பதினெட்டு வயதுத் தோள்மீது ஏற்றியவர்கள் பிறர். புதிய ஆட்டக்காரரின் ஊதியத்துக்கு லீக் 1995இல் உச்சவரம்பு விதித்தது. அதற்கு அவருடைய ஒப்பந்தமும் ஒரு காரணமெனக் கூறுவர்.

வட அமெரிக்காவை விட்டு நீங்கிய டேகிள் சுவிற்சர்லாந்து சென்றார். அங்கே டாவோஸ் அணியோடு 2007இலும் 2009இலும் அந்நாட்டு வாகையைச் சூடினார். பெரும் புகழின் சுமை நீங்கிய இடத்தில் அவர் நல்ல ஆட்டக்காரராகவே விளங்கினார்.

ஆகவே நேயர்களே, ஓர் ஆட்டக்காரரின் மனப்போக்கைப் பழிக்குமுன், அவர் என்ன செய்தார் என்பதையும், அவர் என்ன செய்வார் என்று நாம் எண்ணியிருந்தோம் என்பதையும் வேறு வேறாக நிறுத்துப் பார்த்தல் வேண்டும். பல வேளைகளில் வீழ்ச்சி எனப்படுவது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே.