மஞ்சளைச் சிவப்பாக்கும் ஈஸ்ட்

பிரிஞ்சாங் பிள்ளைகளே,

பெர்தாம் ஆறு நம் மலையிலிருந்து இறங்கி, தானா ராத்தாவைக் கடந்து, ரிங்லெட் ஏரியில் சேர்கிறது. வழியில் வீட்டுச் சோப்புத் தண்ணீரும், மழையோடு காய்கறித் தோட்டத்து மருந்தும் அதில் கலக்கின்றன. கண்ணுக்குத் தெரியாமல் கலந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கத் தோன்றுகிறதா? கெட்டிக்காரர்கள்!

இங்கிலாந்தில் இப்படி ஒரு புதிர் வந்தது. கழிவுநீர் விழும் ஆறுகளில் ஆண் மீன்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். முட்டைக்காகப் பெண் மீனின் உடலில் உருவாகும் புரதம் அதில் இருந்தது! அந்தப் புரதத்தை உருவாக்கத் தூண்டுவது ஈஸ்ட்ரோஜன், பெண் உடலில் அதிகம் சுரக்கும் ஹார்மோன். அதைப் போலவே ஏதோ ஒன்று தண்ணீரில் வேலை செய்திருக்கிறது. எது?

ஹார்மோன் தனியாக எதையும் செய்யாது. செல்லுக்குள் அதற்கென்று ஓர் ஏற்பி உண்டு. ஏற்பியைப் பள்ளிக்கூட மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கிற கை, ஹார்மோன். வேறு கை அடித்தாலும் மணி ஒலிக்கும், இல்லையா? சில வேதிப்பொருள்கள் அந்த வேற்றுக் கைகள்தாம். ஆனால் நம் செல்லில் பல மணிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. எதை யார் அடித்தார் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்டில் இந்த மணி கிடையாது. அதனால்தான் அது அருமையான இடம்! மனித ஏற்பிக்கான மரபணுவை ஈஸ்டில் வைத்தால், அந்த ஒரு மணி மட்டும் தனியாகக் கேட்கும். 1988-இல் பிரான்ஸில் பியேர் ஷாம்போன் குழு, ஈஸ்டுக்குள்ளும் இந்த ஏற்பி வேலை செய்யும் என்று காட்டியது.

1996-இல் புருனெல் பல்கலைக்கழகத்தின் ரூட்லெட்ஜ், சம்ப்டர் இருவரும் இப்படிப்பட்ட ஈஸ்டைச் சோதனைக்குப் பயன்படுத்தினார்கள். மணி ஒலித்தால் ஈஸ்ட் ஒரு நொதியைச் சுரக்கும். நொதி, கிண்ணத்திலுள்ள மஞ்சள் சாயத்தைச் சிவப்பாக்கும். புரிகிறதா? சிவந்தால், மணி அடிக்கப்பட்டுவிட்டது!

சில சலவைப் பொருள்கள் சிதையும்போது உண்டாகும் நோனைல்ஃபீனால் சாயத்தைச் சிவக்க வைத்தது. ஆனால் உண்மையான ஹார்மோனைவிட அது பல ஆயிரம் மடங்கு பலவீனமானது.

ஒரு மீனையும் வாட்டாமல் விடை சொல்வதால் இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் ஈஸ்ட் சிவந்த உடனே, மனிதருக்குக் கெடுதி என்று முடிவு கட்டக் கூடாது. ஈஸ்டுக்குக் கல்லீரல் இல்லை. நம் உடல் உடைத்துப்போடும் பொருளை அது அப்படியே விட்டுவிடலாம்.

சரி, மீன் புதிர்? 1998-இல் கழிவுநீரைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஈஸ்டிடம் காட்டினார்கள். அதிகம் சிவக்க வைத்தது தொழிற்சாலைப் பொருள் அல்ல. மனிதர்களின் சிறுநீரோடு வெளியேறும் ஈஸ்ட்ரோஜனே!