பக்கத்து இருக்கைக்காரர் வெறியில் இருந்தால்

பலாலி ஓடுபாதை தெல்லிப்பழைப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் இருக்கிறது. 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறந்து, கொரோனாவால் பூட்டி, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை திரும்பவும் தொடங்கியது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் அந்தப் பறப்பில் மது பெரிய விஷயமல்ல. லண்டன், ரொறன்ரோ, சூரிச் என்று பிள்ளைகளிடம் போகும் நெடும்பயணத்தில்தான் அது விஷயமாகிறது. தனியாகப் போகும் அம்மாமார் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் முன்பின் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். அவர் நாலாவது கிளாஸைக் கேட்கத் தொடங்கினால் என்ன செய்வது என்று எவரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

"டிக்கெற் காசுக்குள்ள இதுவும் சேர்த்திதானே, குடிச்சால் என்ன?" என்பது எங்கள் ஆட்களிடம் பரவலாக உள்ள நினைப்பு. அது பிழை. விமானத்தில் மது பரிமாறுவது நிறுவனத்தின் விருப்பம். பயணியின் உரிமை அல்ல. சவூதியா, குவைத் எயர்வேய்ஸ் போன்றவை ஒரு சொட்டும் கொடுப்பதில்லை. கொடுக்கும் நிறுவனமும் போதும் என்று நினைத்த இடத்தில் நிறுத்தலாம். அமெரிக்கச் சட்டம் இன்னும் இறுக்கம்: வெறியில் இருப்பதாகத் தெரிகிறவருக்குப் பரிமாறவே கூடாது, பணியாளர் ஊற்றிக் கொடுக்காத மதுவை எவரும் விமானத்துக்குள் குடிக்கக் கூடாது. டியூட்டி பிறீயில் வாங்கிய போத்தலை இருக்கையில் வைத்து உடைத்துக் குடிப்பது அங்கே சட்டமீறல். மற்ற நாட்டு நிறுவனங்களும் பெரும்பாலும் இதை அனுமதிப்பதில்லை. பிரித்தானியாவில் வெறியோடு விமானத்தில் ஏறுவதும், ஏறிய பின் வெறியாவதும் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ஏறுமுன்பே வாசலில் மறித்துத் திருப்பி அனுப்பினால் டிக்கெற் காசு பெரும்பாலும் போனதுதான்.

பறக்கும்போது கடைசிச் சொல் தலைமை விமானியுடையது. 1963ஆம் ஆண்டின் டோக்கியோ உடன்படிக்கை அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. பாதுகாப்புக்குத் தேவையென்றால் ஒருவரைக் கட்டிவைக்கலாம், வழியில் இறக்கிவிடலாம், இறங்கும் நாட்டுப் பொலிஸிடம் ஒப்படைக்கலாம். வழியில் இறக்கினால் செலவு யார் தலையில்? 2024 ஏப்ரலில் டப்ளினிலிருந்து லன்சரோட்டே போன ரையன்எயர் விமானம் ஒரு பயணியின் குழப்படியால் போர்த்துக்கலின் போர்ட்டோவில் இறங்கியது. அடுத்த ஆண்டு நிறுவனம் அவரிடம் 15,000 யூரோ நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டது.

ஆனால் குழப்படி செய்தவரை விட, பக்கத்தில் இருந்து அனுபவித்தவரின் கதைதான் எங்களுக்கு முக்கியம். 2022 நவம்பர் 26ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து டெல்லி போன எயர் இந்தியா விமானத்தில், மது குடித்திருந்த ஒருவர் வயதான பெண் பயணி ஒருவர் மீது சிறுநீர் கழித்தார் என்ற முறைப்பாடு நினைவிருக்கும். அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. உடனேயே நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்தார். நிறுவனம்தான் இழுத்தடித்தது. விஷயம் 2023 ஜனவரியில் வெளியே வந்ததும், இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் எயர் இந்தியாவுக்கு 30 இலட்சம் இந்திய ரூபா தண்டம் விதித்தது. தலைமை விமானியின் உரிமத்தை மூன்று மாதம் இடைநிறுத்தியது. எழுத்தில் அந்தக் கடிதம் இல்லாவிட்டால் இத்தனையும் நடந்திருக்குமா என்பது என் சந்தேகம். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு நிறுவனம் விதித்த தடையோ நாலே மாதம். இந்திய விதியில் வாய்ச்சண்டைக்கு மூன்று மாதம் வரை, உடல் ரீதியான அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை, உயிராபத்தான செயலுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு தடை உண்டு.

ஆகவே பக்கத்தில் இருப்பவர் வெறியில் தொந்தரவு தந்தால் அவரோடு வாய்கொடுக்க வேண்டாம். தலைக்கு மேலுள்ள அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். ஆங்கிலம் வராவிட்டால் "சீட் சேஞ்ச்" என்ற இரண்டு சொல்லும் கைச்சாடையும் போதும். வேறு தமிழர் இருந்தால் அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். இருக்கையை மாற்றிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொட்டாலோ அடித்தாலோ, விமானியிடம் சொல்லி இறங்கும் இடத்துக்குப் பொலிஸை வரவழைக்கும்படி பணியாளரிடம் கேளுங்கள். இருக்கை எண்கள், நேரம், பணியாளரின் சட்டையில் உள்ள பெயர் ஆகியவற்றைத் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். முன் பின் இருக்கைக்காரர் ஒருவரின் தொலைபேசி இலக்கம் கிடைத்தால் சாட்சி கிடைத்த மாதிரி.

குடிக்கிறவர்களுக்கும் ஒரு சொல். ஜேர்மனியின் கொலோனில் செய்து 2024இல் வெளியான ஆய்வில், இளவயது ஆரோக்கியமானவர்களை மது குடிக்கவைத்து, விமானத்துக்குள் இருக்கும் அளவு குறைந்த காற்றழுத்தத்தில் தூங்கவிட்டார்கள். இரத்தத்தின் ஒக்சிசன் அளவு 85 சதவீதத்துக்கு இறங்கியது. இதயம் நிமிடத்துக்கு 88 தடவை அடித்தது. நல்ல உடம்புக்கே இப்படி. சீனியும் பிறஷரும் உள்ள அறுபது வயது அண்ணைமார், நித்திரைக் குளிசையோடு இரண்டு விஸ்கியும் எடுத்துவிட்டுக் கண்ணை மூடுவது சரியான ஆபத்து.

கொண்டுபோகும் போத்தலுக்கும் கணக்கு உண்டு. 24 முதல் 70 சதவீதம் வரை மதுசாரம் உள்ளவை ஒருவருக்கு ஐந்து லீற்றர்தான், அதுவும் கடைப் பொதியிலேயே இருக்கவேண்டும். பனஞ்சாராயம் இந்த வகுப்புக்குள் வரும். கள்ளுக்கு அளவுக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் பெட்டிக்குள் புளித்துப் பொங்கி வேட்டி சட்டை எல்லாம் நனையும், அந்த ஆசையை விட்டுவிடுங்கள். லண்டனில் வாங்கி, சென்னையில் மாறி, பலாலிக்கு வருகிறவர்கள் டியூட்டி பிறீ பையைப் பற்றுச்சீட்டோடு முத்திரை பிரிக்காமல் வைத்திருக்கவேண்டும். பிரித்தால் சென்னைச் சோதனையில் போத்தல் போய்விடும்.

இனி நட்டஈடு. சர்வதேசப் பறப்பில் பயணிக்கு விபத்தால் உடற்காயம் ஏற்பட்டால், 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைப்படி நிறுவனம் பொறுப்பு. இலங்கையும் அதில் சேர்ந்த நாடு. சக பயணியின் அத்துமீறலும் 'விபத்து' ஆகலாம் என்று பிரித்தானியப் பிரபுக்கள் சபை 2002இல், அதற்கு முந்திய வார்சோ உடன்படிக்கையின் கீழ் வந்த வழக்கொன்றில் ஏற்றுக்கொண்டது. ஆனால் மனவேதனை மட்டும் உடற்காயம் ஆகாது என்றும் அதே தீர்ப்புச் சொன்னது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை, என்றாலும் பிரித்தானியச் சட்டம் இன்றைக்கு அப்படித்தான் நிற்கிறது. ஆகவே ஒரு கீறலோ வீக்கமோ இருந்தாலும் இறங்கிய உடனே வைத்தியரிடம் காட்டி அறிக்கை எடுங்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பதில் இல்லையென்றால் அதன் பிரதியோடு இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கு எழுதி, ஒரு சட்டத்தரணியையும் பாருங்கள். விமானம் தரையிறங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால் நட்டஈடு கேட்கும் உரிமை போய்விடும்.