கொக்கியை எங்கே மாட்டுவது?



நம்ம குலசேகரன்பட்டினம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு முத்தாரம்மன் கோயில் தசராதான் நினைவுக்கு வரும். இப்போது ராக்கெட்டும் சேர்ந்துகொண்டது. 2024 பிப்ரவரி 28-ல் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இதை நம்பியிருக்கும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் உயரம் 34 மீட்டர். பக்கத்து உடன்குடியில் 2 x 660 மெகாவாட் அனல் மின் திட்டம். ஆக, டிப்ளமா முடிக்கும் நம்மில் பலருக்கு வேலை காத்திருப்பது தரையில் அல்ல, உயரத்தில்!

உயரம் நமக்குப் புதுசா என்ன? காலில் தளைநாரும் இடுப்பில் அருவாப்பெட்டியுமாகப் பதனீர் இறக்கும் பனையேறிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அவர்களுக்குக் கையும் காலும்தான் பிடிமானம். அந்தத் துணிச்சலை வணங்குகிறேன். ஆனால் இரும்பு பீம் பனைமரம் இல்லை, கட்டிப்பிடித்துக்கொள்ள முடியாது. "எங்க தாத்தா பெல்ட்டா போட்டாரு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கொஞ்சம் கணக்கு

80 கிலோ எடையுள்ள ஒருவர் 2 மீட்டர் விழுகிறார். அப்போது வேகம் விநாடிக்கு 6.3 மீட்டர், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டருக்கும் மேல். கயிறு 10 செ.மீ. மட்டும் நீண்டு அவரை நிறுத்தினால், உடம்பில் விழும் சராசரி விசை சுமார் 16.5 கிலோ நியூட்டன். அவர் எடையைப்போல 21 மடங்கு! அதுவே ஷாக் அப்சார்பர் 1 மீட்டர் கிழிந்து நிறுத்தினால் 3 மடங்குதான். கயிறு அறுந்தால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். அறுகாமல் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்துதான்.

இடுப்பு பெல்ட் அந்த விசையை வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறக்கும். அதனால்தான் அமெரிக்கக் கட்டுமானத் துறையில், விழுபவரைத் தாங்க இடுப்பு பெல்ட் பயன்படுத்துவதை 1998 ஜனவரி 1 முதல் தடை செய்தார்கள். முழு உடல் ஹார்னஸ் அதே விசையைத் தொடை, இடுப்பு, தோள் என்று பகிர்ந்து கொடுக்கும்.

மாட்டும் முறை

1. லேன்யார்டை முதுகின் மேல்பக்க டி-ரிங்கில் மாட்டுங்கள். ஷாக் அப்சார்பர் உடம்புப் பக்கம் இருக்கட்டும்.

2. கொக்கியைத் தலைக்கு மேலே, உறுதியான இடத்தில் மாட்டுங்கள். கேபிள் ட்ரே, சின்னக் குழாய், கைப்பிடிக் கம்பி இவையெல்லாம் ஆங்கர் அல்ல.

3. காலடியில் மாட்டினால் கணக்கைப் பாருங்கள்: கயிறு 1.8 மீட்டர், அப்சார்பர் நீள்வது 1.75 வரை, டி-ரிங் முதல் கால்வரை 1.5, கூடுதல் இடைவெளி 1. மொத்தம் கீழே 6 மீட்டர் காலியாக வேண்டும். 4 மீட்டர் சாரத்தில் நின்றால் அப்சார்பர் கிழிந்து முடியும் முன்பே தரை வந்துவிடும்!

4. பக்கவாட்டில் தள்ளி மாட்டாதீர்கள். விழுந்தால் ஊசல் மாதிரி ஆடித் தூணில் மோதுவீர்கள்.

5. இடம் மாறும்போது இரட்டைக் கொக்கி வேண்டும். ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றணும். சும்மா இருக்கும் கொக்கியை இடுப்பு டி-ரிங்கில் மாட்டாதீர்கள். அப்சார்பர் வேலை செய்யாமல் போகலாம்.

6. "கடக்" சத்தம் கேளுங்கள், கதவு மூடியதைக் கண்ணால் பாருங்கள், ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கொக்கியின் கதவு எந்த விளிம்பிலும் அழுந்தக் கூடாது.

நம்ம கடற்கரைக்கு இன்னொன்றும் உண்டு. உப்புக்காற்று கொக்கியின் ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். வெயில் நாடாவை நைந்துபோகச் செய்யும். எனவே தினமும் மாட்டும் முன் சோதியுங்கள். ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய செட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

விழுந்தவர் பிழைத்துவிட்டார் என்று நின்றுவிடவும் கூடாது. அசையாமல் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். எப்படி இறக்குவது என்பதை ஏறும் முன்பே முடிவு செய்யணும்.

தோழர்களே, நாளை நாம் சூப்பர்வைசர் ஆவோம். உயர வேலைக்கான பெர்மிட்டில் நம் கையெழுத்து இருக்கும். மேலே நிற்பவர் யாரோ ஒரு கூலித் தொழிலாளியாக இருப்பார். "பெல்ட் போட்டிருக்கானா?" என்று மட்டும் கேட்டு அனுப்பாதீர்கள். "கொக்கி எங்கே மாட்டியிருக்கு?" என்று அண்ணாந்து பாருங்கள். அவரும் மாலையில் வீடு திரும்ப வேண்டியவர்தானே!